வேகன்-ஆர் விலையில் ஒரு பென்ஸ்

குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். ஒழுங்காக மாருதி ஓட்டி, ஒழுங்காக இ.எம்.ஐ. கட்டி முடித்த மனிதர். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி செல்போனைத் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த விளம்பரம் கண்ணில் படும். பென்ஸ் ஈ-கிளாஸ், 2010 மாடல், கருப்பு, சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி. விலை? ஒரு புது வேகன்-ஆர் விலை. அதோடு தூக்கம் போயிற்று. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியிடம் இதைச் சொல்ல முடியாது. அதனால் எனக்குப் போன் போடுவார்.

எனக்கு ஏன் என்றால், நான் ரொம்ப காலமாக ஒரு பழைய ஐரோப்பிய வண்டி வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெயரை எழுதினால் அதற்குத் தெரிந்து மஞ்சள் லைட் எரிய ஆரம்பித்துவிடும். கம்பெனியும் நாடும் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். ஐரோப்பாவில் ஒரு கூட்டம் பொறியாளர்கள் உட்கார்ந்து, எட்டு டிகிரி குளிரில், வளைவே இல்லாத நெடுஞ்சாலையில், நேரத்துக்கு சர்வீஸ் விடும் ஒரு மனிதருக்காக அதைச் செய்தார்கள். அந்த மனிதர் திருவல்லிக்கேணியில் இல்லை.

போன மாதம் என் மனைவியின் தம்பி திருச்சியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, நாற்பது லட்சம் வித்த வண்டி. ஏழு லட்சத்துக்குத் தர்றான். எப்படிப் பார்த்தாலும் லாபம்தானே?"

இந்தக் கணக்கில்தான் எல்லோரும் விழுகிறார்கள். விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் ஹெட்லைட்டுக்கு விலை இறங்கவில்லை. தேய்மானம் என்பது தெருவில் ஓடுகிற காருக்கு நடப்பது. கடை அலமாரியில் பெட்டிக்குள் இருக்கும் வாட்டர் பம்ப்புக்கு அது நடப்பதில்லை, வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும். ஏழு லட்சம் கொடுத்து நீங்கள் வாங்குவது நாற்பது லட்ச ரூபாய் காரின் சர்வீஸ் பில்லை. கார் அதோடு சும்மா வருகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இருக்கும் வரை ஆயிரம் பொன் கேட்கும். இறந்தால் புதுப்பேட்டையில் இரும்பு விலைதான்.

"பி.எம்.டபிள்யூ.ன்னா பரவாயில்லையா மாமா? அது இங்கேயே செய்யறதாமே?" என்றான் அடுத்து. உண்மைதான். 2007இலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில்தான் கோக்கிறார்கள். பையன் நம் ஊரில் பிறந்தவன்தான். ஆனால் அவன் ஸ்பேரின் விலை இன்னும் யூரோவில்தான் யோசிக்கிறது.

வண்டியைத் தேடுவதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேட வேண்டும். இதை நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கம்பெனி ஷோரூமுக்குப் போனால் காபி தருவார்கள், சோபா இருக்கும், எஸ்டிமேட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த சோபா எதற்கு என்று புரியும். தெரு முனை மெக்கானிக்கோ பானெட்டைத் திறந்து, என்ஜினுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பார்த்து, மரியாதையாக மறுபடி மூடிவிடுவார். இரண்டுக்கும் நடுவே, ஷோரூமில் வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாக ஸ்கேனர் வாங்கி, ஒரு சந்துக்குள் தகர ஷெட் போட்டிருக்கும் ஆள் ஒருவர் எல்லா பெரிய ஊரிலும் இருக்கிறார். அவர் ஷெட்டில் எப்போதும் நான்கு வண்டி பிரித்துக் கிடக்கும். அவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் வண்டியும் வேண்டாம். எனக்கு வாய்த்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். யார் வண்டியைக் காட்டினாலும் முழுக்கச் சுற்றிவந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "வண்டி நல்லா இருக்கு சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

புரோக்கர்கள் பேச்சு தனி. டாக்டர் ஓட்டிய வண்டி என்று விற்கப்படும் வண்டிகளைக் கூட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டில் டாக்டர்கள் நோயாளி பார்க்க நேரமே இல்லாமல் கார் வாங்கி விற்றுக்கொண்டிருக்க வேண்டும். "ஏசிக்கு கேஸ் மட்டும் ஃபில் பண்ணணும் சார்" என்றால், கேஸ் எங்கே போனது என்று யோசியுங்கள். கூலிங் காயிலில் ஓட்டை என்றால் டாஷ்போர்டு மொத்தத்தையும் கழற்றி வெளியே வைக்க வேண்டியிருக்கும். திரும்பி மாட்டிய பிறகு கையில் நான்கு ஸ்க்ரூ மீதி இருக்கும். ஏதாவது லைட் எரிகிறதே என்று கேட்டால் "அது சும்மா சென்சார் சார்" என்பார். அந்த வண்டியில் சென்சார் இல்லாதது சீட்டு மட்டும்தான், அதிலும் இருக்கிறது.

எரிகிற லைட்டைவிட எரியாத லைட்டைத்தான் நான் பார்ப்பேன். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் என்று எல்லா லைட்டும் ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் லைட் எரியவே இல்லை என்றால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஸ்கேனர் போடாமல் எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கோளாறுகளை அழித்திருந்தால், அழித்த விஷயத்தையும் ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, "கிளம்பிட்டேன்" என்று போன் பண்ணாமல் போய் நில்லுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறிப்போன என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது வரும் சத்தம்தான் உண்மை பேசும்.

2007இல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் என்ஜினுக்கு டைமிங் செயின் பிரச்சினை உண்டு. ஸ்டார்ட் பண்ணியதும் கரகரவென்று ஒரு சத்தம் வரும். செயின் அறுந்தால் என்ஜின் போயிற்று. சரி, முன்னாலேயே மாற்றிவிடலாம் என்றால், அந்தச் செயினை என்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்திருக்கிறார்கள். இது ஏன் என்று எனக்குப் பல ராத்திரிகள் யோசனை ஓடியிருக்கிறது. மாற்ற வேண்டிய பொருளை எட்டாத இடத்தில் வைப்பது எங்கள் பாட்டி முறுக்கு டின்னுக்குச் செய்தது.

கியர்பாக்ஸ் கதை இதைவிட ருசியானது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., சூப்பர்ப் 1.8 போன்றவற்றில் வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி.யில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7க்கு. மற்றது 2, 4, 6க்கும் ரிவர்ஸுக்கும். நல்ல நாளில் ஓட்டினால் சொர்க்கம், கியர் மாறுவதே தெரியாது. கெட்ட நாளில் பாதி போகும். ஒற்றைப்படை போனால் இரண்டாம் கியரிலேயே திணறித் திணறி வீடு வந்து சேரலாம். இரட்டைப்படை போனால் ரிவர்ஸும் சேர்ந்து போகும். சுவரைப் பார்த்து பார்க் பண்ணியிருந்தால் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். 2013இல் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்த கியர்பாக்ஸில் சிந்தெட்டிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றியது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் அந்த எண்ணெயால் கரன்ட் கோளாறு வரலாம் என்பது காரணம். வெயிலும் புழுக்கமும் என்றால் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. டெஸ்ட் டிரைவுக்கு ஈ.சி.ஆர். போகாதீர்கள்; அங்கே எல்லா வண்டியும் பறக்கும். சாயங்காலம் ஆறரைக்கு வடபழனி சிக்னலுக்குக் கொண்டு போய் ஊர்ந்து பாருங்கள். உதறினால் இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள்.

வெயில் கியர்பாக்ஸோடு நிற்காது. கூலன்ட் போகும் பாதையெல்லாம் பிளாஸ்டிக். டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, குழாய் முனை எல்லாமே பத்து வருஷ சித்திரையில் அப்பளமாகிவிடும். உள்ளே, கூரைத் துணி பசை விட்டு இறங்கி வந்து பின்சீட்டு மாமியாரின் கொண்டையைத் தொடும். வழுவழுப்பாக இருக்கட்டும் என்று பூசிய ஸ்விட்ச் எல்லாம் கரைந்து, பலாப்பழம் சாப்பிட்ட கை மாதிரி ஒட்டும். பல பி.எம்.டபிள்யூ.களில் ஸ்டெப்னியே கிடையாது. ரன்-ஃப்ளாட் டயர், காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி நிற்கும்போது அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று தெரியவரும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய சொகுசுக் கார்கள் எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' ஆகி, ஏலத்தில் போய், காய்ந்து, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் "டாக்டர் வண்டி" ஆகியிருக்கும். சீட் பெல்ட்டை முழுக்கக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அந்தக் கடைசி ஒரு சாணில் சேற்றுக்கோடு இருக்கும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நான்கு ஊதுபத்தி வாசனைத் திரவியம் தொங்கினால் அது பக்தி இல்லை. ஐரோப்பியர்கள் பல கன்ட்ரோல் யூனிட்டுகளைக் காலடிக் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் முழங்கால் வரை வரும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டெல்லி வண்டி இன்னொரு ஆசை. 10 வயது தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதிலிருந்து தெற்குப் பக்கம் ஆடிகள் இறங்கி வருகின்றன. விலை கேட்டால் மயக்கம் வரும். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். நம்பர் போட்டு முடிக்கும்போது அந்த மயக்கம் தெளிந்துவிடும். உள்ளூர் வண்டியானாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "லோன் முடிஞ்சிடுச்சு சார், பேப்பர்தான் எடுக்கல" என்பவரிடம், பேப்பரை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அவர் கூப்பிட மாட்டார்.

பெட்ரோல் வண்டி என்றால் ஒரு வார்த்தை. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2010இல் அந்த என்ஜினைச் செய்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. ரப்பர் ஹோஸையும் ஃப்யூல் பம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லியும் மச்சான் கேட்டான்: "அப்போ எதை வாங்கலாம் மாமா?" அதாவது, வாங்கத்தான் போகிறான். நியாயம்தான். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்தக் கதவு மூடியிருக்கும் அமைதியும், வளைவில் ரோட்டைப் பிடிக்கும் பிடியும் வேறு எதிலும் வராது. அதற்காகத்தான் நாங்கள் பாயின் ஷெட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஃபியட் லீனியா, புன்டோ டீசல் நல்லது. அதே 1.3 என்ஜின்தான் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது, அதனால் என்ஜின் ஸ்பேருக்குக் கவலையில்லை. கதவுக் கைப்பிடிக்குத்தான் ஊர் ஊராக அலைய வேண்டும். மேனுவல் கியர் போட்ட பழைய ஆக்டேவியா 1.9 டீசல், டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருந்தால் வாங்கலாம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள எதையும் தொட வேண்டாம். 2002இல் வந்த ஈ-கிளாஸில் எலக்ட்ரானிக் பிரேக் வைத்த வண்டிகளை பென்ஸே 2004, 2005 என இரண்டு முறை திரும்ப அழைத்து, 2006இல் அந்த முறையைக் கைவிட்டது. அவர்களே விட்டதை நாம் பிடிப்பானேன்? எதை வாங்கினாலும் பழைய பில் கட்டு இருக்கும் ஓனரிடம் வாங்குங்கள், பளபளப்பு இருக்கும் ஓனரிடம் வேண்டாம். ஏழு லட்சம் கையில் இருந்தால் நாலரைக்கு வண்டி பாருங்கள், மீதி பாயுடையது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் யாராவது போனால், என் வண்டிக்கு இடது பின் கதவு கண்ணாடி ரெகுலேட்டர் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். வலதுதான் எல்லாக் கடையிலும் இருக்கிறது.