சங்கிலியின் நீளம் குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பீலெஃபெல்ட் மாநகராட்சி, ஜேர்மனி
பொருள்: ஹெர்மன் நடைபாதையில் கல் ஒன்று நாட்டித் தரக் கோருதல்
பார்வை: வீமன் என்னும் நாயின் வரி வில்லை

கனம் ஐயா, அம்மா,

முதலில் ஒரு பாராட்டு. பீலெஃபெல்ட் என்றொரு ஊரே கிடையாது என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ தருவதாக 2019 ஆகஸ்டில் அறிவித்தீர்கள். 1994இல் கீல் நகரத்து மாணவர் ஒருவர் கணினி வலையில் விளையாட்டாகக் கொளுத்திப் போட்ட கதையை 25 ஆண்டு பொறுத்திருந்து அணைத்தீர்கள். 2,000 பேருக்கு மேல் ஆதாரம் எழுதி அனுப்பியும் ஒருவருக்கும் பணம் போகவில்லை. நான் எழுதாததற்குக் காரணம், நான் நாய் வளர்ப்பவன். என் அலுமாரியில் நாய்வரிச் சீட்டு இருக்கிறது. இல்லாத ஊர் வரி அறவிடாது.

அந்த வரியைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. பிரஷ்யா 1810இல் நாயை ஆடம்பரம் என்று கண்டுபிடித்தது. 2023இல் ஜேர்மனி முழுவதும் நாய்களின் பேரில் சேர்ந்தது ஏறத்தாழ 42 கோடி யூரோ. இந்தக் காசில் நாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் வரிச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படிக்காதவர்கள். வரி என்பது எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் கொடுப்பது என்று அது சொல்கிறது. வள்ளுவர் இதை மழைக்குச் சொன்னார். நீங்கள் நாய்க்காரனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அடைமழையில் வீமனை வெளியே கூட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

பூனைக்கு வரி இல்லை. ஆனால் ரயிலில் நாய்க்குச் சீட்டு வேண்டுமா என்று அளக்கும் கோல் பூனைதான். வீட்டுப் பூனையைவிடப் பெரிய நாயென்றால் குழந்தைக் கட்டணமும் வாய்ப்பூட்டும். யாருடைய வீட்டுப் பூனை என்று விதியில் இல்லை. எங்கள் மாடியில் இருக்கும் பூனையைப் பார்த்தால் வீமனே இலவசமாகப் போகலாம்.

வீமன் தோளுயரத்தில் 40 சென்டிமீற்றரையும் நிறையில் 20 கிலோவையும் தாண்டியவன். ஆகவே 2003 ஜனவரி முதல் நடப்பிலுள்ள மாநில நாய்ச் சட்டப்படி அவன் ‘பெரிய நாய்’. அவனுடைய தோலுக்கடியில் சிப் வேண்டும், எனக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும், நாயைப் பற்றி எனக்கு அறிவு உண்டு என்று ஒருவர் எழுதித் தரவும் வேண்டும். மூன்றும் கைவசம். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விக்கு 17 சரியென்றால் ஜேர்மன்காரனாகி விடலாம். நாயறிவுத் தேர்வுக்கு நான் அதைவிடக் கவனமாகப் படித்தேன். குடிமகனாகச் சறுக்கினால் அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும். நாய்க்காரனாகச் சறுக்கினால் பக்கத்து வீட்டுக் கிழவி பொறுக்கமாட்டா.

சங்கிலி விதிகளும் பாடம். கடைத்தெருவிலும் பூங்காவிலும் எந்த நாய்க்கும் சங்கிலி உண்டு. குடியிருப்புப் பகுதித் தெருவில் பெரிய நாய்க்குக் கட்டாயம். காட்டுக்குள் பாதையோடு போனால் தேவையில்லை, பாதையை விட்டு இறங்கினால் தேவை. இயற்கைக் காப்பிடத்தில் பெரும்பாலும் பாதையிலும் தேவை. ஒரு முயல் பாதையைக் குறுக்கே வெட்டி ஓடும் கணத்தில் இவ்வளவையும் வீமனுக்கு விளங்கப்படுத்த என் டொச் போதாது.

ஆனாலும் பாதையை விட்டு விலகாதே என்பது எங்கள் டொய்டோபுர்க் காட்டுக்கு ஏற்ற விதிதான். கி.பி. 9இல் வாருஸ் என்ற ரோமத் தளபதி மூன்று லீஜியன் படைகளோடு இந்தப் பெயருள்ள காட்டுக்குள் நுழைந்து ஒன்றையும் மீட்காமல் போனார். அது இங்கே நடக்கவில்லை, வடக்கே கால்க்ரீசவில் நடந்தது என்று இப்போது ஆய்வாளர்களில் பலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். 1875இலேயே டெட்மொல்ட் பக்கத்தில் வாருஸைத் தோற்கடித்த ஹெர்மனுக்கு 53 மீற்றர் உயரத்துக்குச் சிலை எழுப்பியாகிவிட்டது, 156 கிலோமீற்றர் நடைபாதைக்கும் அவர் பெயரை வைத்தாகிவிட்டது. நடந்ததோ இல்லையோ, நினைவுச்சின்னம் வைப்பதில் இந்தப் பக்கத்து ஆட்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. என் விண்ணப்பத்துக்குத் தைரியம் தந்ததும் அதுதான்.

ஹெர்மன் பாதையில் உங்கள் ஊருக்குள் வரும் துண்டை எனக்கும் வீமனுக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஓல்டர்டிசன் விலங்குப் பூங்காவில் தொடங்குவோம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, இரவிலும் படலை பூட்டுவதில்லை, சங்கிலியில் நாயும் வரலாம். (இதற்காக உங்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன், இதில் பகடி இல்லை.) ஓநாய் அடைப்பின் முன்னால் வீமன் வாலைக் கூட ஆட்டாமல் நிற்பான். உள்ளே நிற்பவருக்கு வரி இல்லை, அவருக்காக ஒருவரும் தேர்வு எழுதவில்லை, இறைச்சி நேரத்துக்கு வரும், வெளியேதான் போக முடியாது. எண்பதுகளில் அகதி விடுதியில் இருந்தவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அங்கிருந்து கறுப்பில் வெள்ளை எழுதிய ‘எச்’ அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பீச் மரங்களுக்கிடையே ஏறி இறங்கினால் ஸ்பாரன்புர்க் கோட்டை. 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் 37 மீற்றர் கோபுரம். கீழே ஊர் முழுக்கத் தெரியும், இல்லை என்று வாதிட்டவர்களை இங்கே ஒரு தடவை கூட்டிவந்திருக்கலாம். ஏப்ரல் கடைசி ஞாயிறு மட்டும் நாயோடு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று புதியவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். டெட்மொல்ட் சிலையடியிலிருந்து 31 கிலோமீற்றர் ஓடி ஆயிரக்கணக்கானவர்கள் கோட்டைக்கு வந்து சேரும் நாள் அது. ஓடுகிறவனை நாய் துரத்தும், அது எந்தச் சட்டத்திலும் திருத்த முடியாத பிரிவு.

கோட்டையைத் தாண்டி, ஐசர்னர் அன்ட்டோன் உச்சியும் கடந்து லேமர்ஸ்ஹாகன் வந்தால் காடு இன்னும் அழகு. வீமன் அவிழ்ந்து முன்னால் போவான். கொஞ்சத் தூரத்தில் உங்கள் மாநகர எல்லை முடிந்து லிப்பே மாவட்டம், ஓர்லிங்ஹவுசன் ஊர். மரத்துக்கும் மண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை தானாகச் சட்டைப் பொக்கெற்றைத் தடவும். துண்டு இருக்கிறதா என்று.

துண்டு எதுவென்று உங்கள் இளைய அலுவலர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1982இல் பொன் நகரத்தில் இயற்றிய சட்டம், அகதித் தஞ்சம் கேட்டவர் தன்னைப் பதிந்துகொண்ட அலுவலகத்தின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்திறங்கிய எங்கள் ஆட்களுக்கு ஜேர்மனி என்பது அந்த எல்லைதான். பீலெஃபெல்டில் போட்டால் பீலெஃபெல்ட். 15 கிலோமீற்றரில் இருக்கும் ஹெர்ஃபோர்ட்டில் ஒன்றுவிட்ட அண்ணர் இருந்தால் அவரைப் பார்க்க அனுமதித் துண்டு. ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாளைக் கும்பிட அனுமதித் துண்டு. துண்டில்லாமல் பிடிபட்டால் முதல் தடவை தண்டம், திரும்பப் பிடிபட்டால் குற்றம், ஒரு வருடம் வரை மறியலுக்கும் இடம் இருந்தது. “துண்டு எடுத்தனியோ?” என்பது அந்தக் காலத்தில் எங்களுக்குள் சுகம் விசாரிப்பு மாதிரி.

அந்தச் சட்டம் உங்களுடையதல்ல, தெரியும். ஆனால் அது அளந்த கோடு உங்கள் எல்லைக் கோடு. பின்னாளில் மாநிலங்கள் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டின. 2015 ஜனவரியில் பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்தோடு அது கழன்றது. வீமனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இப்படி: ஹெர்மன் பாதை முழுவதும் பாதையை விட்டு இறங்காத நாய்க்குச் சங்கிலி பெரும்பாலும் தேவையில்லை, பாதையை விட்டு ஓர் அடியும் இறங்காத தமிழனுக்கு லேமர்ஸ்ஹாகனோடு பாதை முடிந்தது. நாயைத் தடுக்க ஒரு முயலாவது காரணமாக இருந்தது.

2020 ஆகஸ்டில் மத்திய விவசாய அமைச்சர் யூலியா குளொக்னர், ஒவ்வொரு நாயையும் நாளுக்கு இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணி நேரமாவது வெளியே நடக்கக் கொண்டுபோக வேண்டும் என்று விதி கொண்டுவருவதாக அறிவித்தார். நாடே சிரித்தது. கிழட்டு நாய் என்ன செய்யும், மழையில் யார் அளப்பது, மணிக்கூட்டோடு பொலிஸ் வருமா என்றார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஓர் உயிரை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் அது மனம் நொந்து போகும் என்று பேர்லினில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது. 2022 ஜனவரியில் விதி வந்தபோது மணிக்கணக்கு காணாமல் போய், ‘போதிய நடமாட்டம்’ என்று மட்டும் மிஞ்சியது. எவ்வளவு போதும் என்பதை நாயே முடிவுசெய்யட்டும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் நடக்கிறது.

வீமனிடம் நீல நிறக் கடவுச்சீட்டு உண்டு, ஐரோப்பிய ஒன்றியம் செல்லப்பிராணிகளுக்குத் தருவது. விசர்நாய்க்கடி ஊசியும் சிப் இலக்கமும் அதில் இருந்தால் ஒல்லாந்துக்கும் பிரான்சுக்கும் போய்வரலாம். எங்களில் தஞ்சம் கிடைத்தவர்களுக்கு ஜெனீவா உடன்படிக்கைப்படி தந்த பயணப் புத்தகமும் நீலம்தான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாயினுடையது சீக்கிரம் கிடைத்திருக்கும்.

நாயோடு மலையேறியவருக்கு வாசலில் தடை வருவது புதிதல்ல என்பதும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தருமர் இமயத்தில் ஏறும்போது பாஞ்சாலியும் தம்பிமாரும் வழியில் ஒவ்வொருவராக விழ, கடைசிவரை கூட வந்தது ஒரு நாய்தான். நாயை விட்டுவிட்டு வா என்று சொர்க்கத்து அதிகாரி சொன்னார். தருமர் மாட்டேன் என்று நின்றார். அந்தக் கதையில் வீமன் என்பவன் வழியிலேயே விழுந்தவன். என்னுடைய வீமன் கொடுத்துவைத்தவன், மேல்மாடி வரைக்கும் ஏறுகிறான். சொர்க்கத்திலும் விதியை மீறி உள்ளே விடவில்லை என்பதைக் கவனியுங்கள், நாய் உண்மையில் தருமதேவதை என்று பத்திரத்தைத் திருத்தித்தான் விட்டார்கள். உங்கள் அலுவலர்களுக்கு இந்த முறை பழக்கமானதாக இருக்கும்.

இனி விண்ணப்பம். 2019இல் உங்கள் ஊர் இல்லை என்ற கதையை அடக்கம் செய்து, பழைய நகரில் நெசவாளர் சிலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறையை நினைவுக்கல்லாக வைத்தீர்கள். நடக்காத ஒன்றுக்கே கல் வைக்கத் தெரிந்த மாநகராட்சி நீங்கள். அதுபோல லேமர்ஸ்ஹாகனுக்கு அப்பால், ஹெர்மன் பாதை உங்கள் எல்லையைக் கடக்கும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். வாசகம் இவ்வளவுதான்: ‘மனிதர் இதுவரை. நாய்கள் மேலே செல்லலாம். 1982 முதல்.’ எதுவரை என்ற ஆண்டை உங்கள் கோப்பைப் பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. டொச்சில் மேலே, தமிழில் கீழே இருந்தால் நல்லது. குர்திஷ், அரபு எல்லாம் கேட்டு வேறு ஆட்கள் வருவார்கள், ஆகவே கொஞ்சம் அகலமான கல்லாகப் பார்க்கவும்.

இப்படிக்கு,
வீமனின் சங்கிலியில் மேல்முனையைப் பிடித்திருப்பவன்

இணைப்பு: வரி வில்லையின் பிரதி, காப்புறுதிச் சான்று, நாயறிவுச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் (கேட்டால் மட்டும்).

பி.கு.: கல்லுக்கு நிதி இல்லை என்று பதில் எழுதுமுன் ஒரு சொல். நாய்வரியை நாய்க்காகத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை உங்கள் பக்கமே வாதாடிக்கொண்டு வருகிறது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே அந்தப் பணத்தை மனிதருக்காகச் செலவிடவும் தடை இல்லை.