அடுக்கம்பாறையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப் முதலாளிகளுக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை. தோலைப் பதனிட்டார்கள், குரோமியமும் உப்பும் கலந்த தண்ணீரைப் பாலாற்றில் விட்டார்கள், மாட்டிக்கொண்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: கெடுத்தவன் எவனோ, செலவை அவனே ஏற்க வேண்டும். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் ஷாப் நடத்தக் கூடாது. அதுவரை கெடுத்ததற்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இன்றைக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இதை 'வேலூர் வழக்கு' என்றுதான் படிக்கிறார்கள்.

அதே பாலாற்றங்கரையில் இன்னொரு முதலாளியும் கடை வைத்திருக்கிறார். 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தில் இறங்கியவர். 2024-25இல் மாநிலம் முழுக்க 4,787 கடை, 48,344 கோடி ரூபாய் வருமானம். பெயர் டாஸ்மாக், கணக்குச் சொல்வது மதுவிலக்குத் துறை. கெட்டிக்காரர். இவருடைய கழிவு ஆற்றில் போவதில்லை, 108 ஆம்புலன்ஸில் போகிறது. அதைச் சுத்திகரிக்க இவர் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்க வேண்டியதில்லை. வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மிச்சத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது.

அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ராத்திரியில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் வருகிறார். உளறுகிறார். உளறுவது குவாட்டரா, மண்டைக்குள் கசிகிற ரத்தமா? பக்கத்தில் நின்று மோந்து பார்த்தால் தெரியாது. 'போதைதான், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்று ஓரமாகப் படுக்க வைத்தால், எழுந்திருக்காமலே போகலாம். ஆகவே சி.டி. ஸ்கேன். படுக்கச் சொன்னால் அவர் எழுந்து உட்கார்ந்து ஸ்டாஃப் நர்ஸின் அம்மாவைப் பற்றிப் பேசுவார். பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் அதே நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கும் பெரியவரிடமும், மூச்சு இழுக்கும் குழந்தையிடமும் இருந்திருக்க வேண்டியவர்கள். மருத்துவமனைப் பணியாளரைத் தாக்கினால் சிறை என்ற 2008ஆம் ஆண்டுச் சட்டம் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் படிக்கிற நிலையில் யார் வருகிறார்கள்?

குடித்தவர் மட்டும்தான் வருகிறார் என்று நினைக்காதீர்கள். ரெண்டு நாளாகக் குடிக்காதவரும் வருவார்: கை நடுங்கி, வலிப்பு வந்து, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறிக்கொண்டு. ஈரல் சுருங்கியவர் ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டு வருவார். கணையம் வீங்கியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வருவார். ஆயுளில் ஒரு சொட்டுக் குடிக்காதவளும் வருவாள். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரன் காலுக்குத் தோல் தைத்தவள், ராத்திரி தன் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொள்ள வருவாள். 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.' அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பவரிடமிருந்து என்ன வாடை வருகிறது என்று எழுதப் பதிவேட்டில் இடமில்லை.

அடிபட்டவரிடம் வாடை வந்தால் எழுத இடமிருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் டாக்டர் அதைக் குறித்தே ஆக வேண்டும். விபத்துக் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க அந்த ஒரு வரி போதும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டியிருந்தால் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், தோல் ஷாப்புக்குப் போட்ட அதே தொகை. குடித்தவர் பெயர், வயது, அங்க அடையாளம் எல்லாம் பதிவாகும். விற்றவர் பெயருக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சென்னை–பெங்களூரு சாலையோரத்து ஊர்களெல்லாம் பிழைத்தன என்று சிலர் நம்பினார்கள். 2017 ஜூலையில் விளக்கம் வந்தது: நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது. நகராட்சிக்குள் நுழைந்ததும் லாரி மெத்தென்று மோதும் போலிருக்கிறது.

2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டைக்குக் கலெக்டர் கிடைத்தார், திருப்பத்தூருக்கு எஸ்.பி. கிடைத்தார். மாவட்டத்துக்கொரு அரசு மருத்துவக் கல்லூரி என்று பேசிப் பேசியே இந்த இரண்டும் விடுபட்ட பட்டியலில் நிற்கின்றன. டாஸ்மாக் கடை அப்படி விடுபடவில்லை. அதனால் திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரில் மண்டை உடைந்தவர் சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி வேலூருக்குப் போக வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தது அரசு. கொடுக்கட்டும், செத்தவர்களின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் நியாயத்தைக் கவனியுங்கள். அடுத்தவன் விற்ற சரக்கில் செத்தால் அரசு பணம் தரும். அரசே விற்ற சரக்கில் பத்து வருஷமாக ஈரல் வெந்து செத்தால், பிரேதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சீக்கிரம் கொன்றவன் குற்றவாளி, நிதானமாகக் கொன்றவர் நிர்வாகி.

கருணையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உடைந்த பாட்டில் யானைக் காலில் குத்துகிறதே என்று உயர் நீதிமன்றம் கேட்டபிறகு, நீலகிரியில் 2022இல் ஒரு திட்டம் வந்தது. காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய். பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் காலி செய்தவனை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

2025 ஜனவரி 30 அன்று பாலாறு மறுபடி உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. அதையே சாராயத்துக்கும் வைத்துப் பார்த்தால், அரசு தன் வலது கையால் இடது கைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும்.

அனுப்பட்டும். மதுவிலக்குத் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கைக் குறிப்பில் வருமானத்தை வருஷவாரியாகக் கட்டம் கட்டிப் போடுகிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள்: எத்தனை தலைக்காயம், எத்தனை ஸ்கேன், எத்தனை யூனிட் ரத்தம், எத்தனை நெற்றித் தையல். அந்தச் செலவை டாஸ்மாக் வருமானத்திலிருந்து மருத்துவமனைக்கு நேராகக் கட்டச் சொல்லுங்கள். திருப்பத்தூர், ராணிப்பேட்டைக்கு மருத்துவக் கல்லூரியை அதிலிருந்தே கட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முகத்துக்கு நேரே கேளுங்கள். அவர் ஆள் கொண்டுவரும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு மட்டும் கேட்காதீர்கள்.