அத்தை சொத்தும் ஆட்டோ சங்கர் தீர்ப்பும்

நம் ஊரில் செத்தவர் பதினாறாம் நாள் காரியம்வரை குடும்பத்துக்குச் சொந்தம். பிரபலம் என்றால் அந்தச் சலுகையும் கிடையாது. 2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா காலமானார். மூன்று வருடம் முடிவதற்குள் ஏ.எல். விஜய் ‘தலைவி’க்குக் கங்கனாவைக் கூட்டிவந்தார், கௌதம் மேனன் ‘குயின்’ தொடருக்கு ரம்யா கிருஷ்ணனைப் பிடித்தார். என்னைக் கேட்காமல் அத்தையை எப்படிப் படமெடுக்கலாம் என்று அண்ணன் மகள் தீபா 2019-இல் ஐகோர்ட் படியேறினார்.

படக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? அஜயன் பாலா எழுதிய புத்தகத்தைத்தான் எடுக்கிறோம் என்றது ‘தலைவி’ தரப்பு. ‘குயி’னில் நாயகி பெயர் சக்தி சேஷாத்ரி, தலைவர் பெயர் ஜி.எம்.ஆர். ‘தலைவி’யில் அதே தலைவர் எம்.ஜே.ஆர். எம்.ஜி.ஆரின் மூன்று இனிஷியலைச் சோழிபோலக் குலுக்கிப் போட்டால் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதாம்!

இந்த வழக்குக்கு வேர் போயஸ் கார்டனில் இல்லை, திருவான்மியூரில். அந்தப் பக்கத்தில் எண்பதுகளில் கள்ளச்சாராயமும் விபச்சாரமும் நடத்தியவர் ஆட்டோ சங்கர். ஆறு கொலைகள். தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் 1991-இல் தூக்கு விதித்தார்கள். ஆள் சிறையில் உட்கார்ந்து சுயசரிதை எழுதினார், சுமார் 300 பக்கம்! எந்தெந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் தனக்கு நெருக்கம் என்ற விவரமெல்லாம் அதில். கட்டு மனைவி கைக்குப் போய், வக்கீல் வழியாக ‘நக்கீர’னுக்கு வந்தது.

வழக்கமாகச் சொந்தக்காரர்கள்தான் குடும்ப மானம் போச்சே என்று ஓடிவருவார்கள். இங்கே மனைவியே எடுத்துக் கொடுக்க, பதறியது சிறைத்துறை ஐ.ஜி. இதைச் சங்கர் எழுதவே இல்லை, போட்டால் நடவடிக்கை என்று 1994 ஜூனில் கடிதம் பறந்தது. ‘நக்கீரன்’ வழக்குப் போட, அக்டோபர் 7-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் இருப்பதை யார் அனுமதியும் இல்லாமல் எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்தில் கை வைத்தால் பின்விளைவு எழுதியவர் தலையில். அடுத்த ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள். தீர்ப்பு மட்டும் இன்றைக்கும் கோர்ட் கோர்ட்டாகச் சுற்றுகிறது. அந்தரங்க உரிமை பற்றி வாதாட எழும் கறுப்பு கவுன்காரர் யாரானாலும் திருவான்மியூர்க்காரருக்கு ஒரு கும்பிடு போட்டாக வேண்டும்.

எல்லா உறவினரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ‘வனயுத்தம்’ படத்தை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்வரை போன வீரப்பன் மனைவி முத்துலட்சுமிக்கு 2013-இல் 25 லட்சம் கிடைத்தது. அவர் உயிரோடு இருந்தார், படத்திலும் இருந்தார், அது பலம்.

தீபாவுக்கு அந்த யோகமில்லை. 2020 மே மாதம் ஐகோர்ட் அவரையும் தம்பி தீபக்கையும் ஜெயலலிதாவின் வாரிசுகள் என்றது. 2021 ஏப்ரலில் அதே ஐகோர்ட், ஒருவர் சம்பாதித்த புகழும் அந்தரங்கமும் அவரோடு போய்விடும், வீடு வாசல்போல வாரிசுக்கு இறங்காது என்று அப்பீலைத் தள்ளியது. டிசம்பரில் அத்தையின் போயஸ் கார்டன் வீடான வேதா நிலையத்தின் சாவி வந்தது. பீரோ உங்களுக்கு, அத்தை ஊருக்கு!

இதற்கிடையே செப்டம்பர் 10-இல் ‘தலைவி’ வெளியானது. தியேட்டரில் பார்த்துவிட்டு வந்த அ.தி.மு.க.வின் ஜெயக்குமார், எம்.ஜி.ஆர். மந்திரி பதவி கேட்டதாக வரும் காட்சி பொய், அதைத் தூக்குங்கள் என்றார். படத்தில் அவர் எம்.ஜே.ஆர். என்பதை யாரும் ஜெயக்குமாரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.