எம்-புக்கில் ஏறாத நிழல்

2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். மரத்தின் அருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அந்த நாளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. ஜூன் 1-லும் 5-லும் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்கு அஞ்சி 7-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அதுவும் போதாமல் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்று மறுபடி தள்ளினார்கள். 2024-லும் ஜூன் 6 என்றது 10 ஆனது. கட்டடத்தைத் தள்ளிவைக்க முடியாது, காங்கிரீட்டைத் தள்ளிவைக்க முடியாது. எதிர்த்துப் பேசாமல் தள்ளிவைக்கத் தோதாகப் பள்ளியில் இருப்பது பிள்ளைகள் மட்டும்தான்.

அரசு சும்மா இருந்தது என்று யாரும் பழி சொல்ல வேண்டாம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆக, செத்தால் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சாகாமல் கபடி ஆட ஒரு வேப்பமரம் வேண்டுமென்றால் எந்தக் கணக்குத் தலைப்பில் கேட்பது என்று விசாரித்துப் பாருங்கள். மேசைக்கு மேசை அலைவீர்கள், அதுவும் வெயிலில்.

வாருங்கள், அண்மையில் 'மேம்படுத்தப்பட்ட' ஓர் அரசுப் பள்ளிக்குள் போவோம். பெயர் வேண்டாம், உங்கள் ஊர்ப் பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் பெரிய கல்வெட்டு. உள்ளே சுவருக்குச் சுவர் பேவர் பிளாக், சிவப்பும் சாம்பலுமாக. முன்பு நின்ற புங்கமரம் இல்லை, வேர் கல்லைத் தூக்கிவிடுமாம். தப்பித்த ஒரு வேம்பின் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் காங்கிரீட்டை அகற்றுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட்டது. மரத்துக்கும் தண்ணீர் தேவைப்படும் என்ற ரகசியம் இந்த வேம்பு வரை இன்னும் வந்து சேரவில்லை. மூலையில் ஓர் இரும்புக் கூண்டு. உள்ளே போன ஜூனில் நட்ட கன்றின் காய்ந்த குச்சி. கூண்டின் மேல் எழுதிய பெயர் மட்டும் தழைத்து நிற்கிறது.

மரத்தடியில் பாடம் நடந்தால் 'அவலம்' என்று செய்தி போட்டுப் பழகியவர்கள் நாம். அந்த அவலம் தீர்ந்தது. இப்போது மரம் இல்லை.

உச்சிவேளையில், வெயிலில் கிடக்கும் பரப்பைவிட நிழலில் இருக்கும் பரப்பு 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாகச் சுடக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பார்வையிட வரும் அதிகாரியின் முகம் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில், காலில் ஷூவோடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகம் மூன்றரை அடியில், வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிய காலோடு இருக்கிறது. ஒரே முற்றம்தான். தோசைக்கல்லின் சூடு தோசைக்குத்தான் தெரியும், கரண்டி பிடித்தவருக்குத் தெரியாது.

இதை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் நல்ல மூளை வேலை செய்கிறது. பேவர் பிளாக்கைச் சதுர மீட்டரில் அளக்கலாம். ஜே.இ. எனும் இளநிலைப் பொறியாளர் டேப்பைப் பிடித்து, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் ஏற்றலாம். பில் போட்டு மார்ச் 31-க்குள் பணத்தை எடுத்துவிடலாம். மரம் நிழல் தர ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் ஒரு தேர்தல் வந்துபோகும், ஜே.இ. மாறுதலில் போய்விடுவார், திறப்பு விழாவுக்கு வந்தவர் கட்சியே மாறியிருப்பார். போதாததற்கு நிழல் காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே போகும். ஓரிடத்தில் நிற்காத பொருளை எந்தப் பொறியாளர் அளந்து கையெழுத்துப் போடுவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, நிழலில் பத்துக்கு இரண்டு என்று யாரும் பங்கு பிரிக்க முடியாது.

பள்ளிச் சமூகத்தைக் கேட்டீர்களா என்றால், கேட்டார்கள். சட்டப்படி கேட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்ட வேண்டியது அந்தக் குழுதான் என்கிறது 22-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் அட்டவணை, எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம் கேட்கிறது, விளையாட்டு மைதானம் கேட்கிறது, சுற்றுச்சுவரோ வேலியோ கேட்கிறது. மரமும் நிழலும் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்த்துச் சொல்லும் வாய் குழுவுக்கு இருக்கிறது. அந்த வாய் திறந்தால் நடப்பது இதுதான்.

"மதியம் பிள்ளைங்க தட்டோட உட்கார நிழல் இல்லீங்க சார். அந்தப் புங்கமரம் இருந்தப்போ அங்கதான் உட்காரும்."

"அதெல்லாம் எஸ்டிமேட்ல இல்லம்மா. வேலை சாங்ஷன் ஆயிடுச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

கருத்துக் கேட்பு இனிதே நிறைவுற்றது. டீ, சமோசா வழங்கப்பட்டது.

இடைவேளையில் எந்தச் சுவரோரம் நிழல் விழும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், மணி அடிக்கும் முன்பே அவள் கண் அங்கே போயிருக்கும். மழைத்தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று ஆயாவுக்குத் தெரியும். பையன்கள் பந்தடிக்கும்போது பெண்பிள்ளைகள் எங்கே ஒதுங்கி நிற்கிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். வரைபடம் போட்டவருக்கு வளாகத்தின் நீளமும் அகலமும் தெரியும்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலைக்கு ஏறத்தாழ 15,000 பேர் பலியானார்கள். அந்த அடியை வாங்கிய பாரீஸ் நகரம் 2018-லிருந்து பள்ளி முற்றங்களின் தாரைப் பெயர்த்தெடுக்கிறது. 'ஒயாசிஸ்' என்று திட்டத்துக்குப் பெயர். மழைநீர் இறங்கும் தரை, மரங்கள், நிழலில் உட்கார இடம். எங்கே சுடுகிறது, எங்கே ஒதுங்குகிறாய், என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டு வடிவமைத்தார்கள். சித்திரை வெயில் என்றால் என்னவென்று அறியாத ஊர் அது. அவர்கள் தாரைப் பெயர்க்கும் அதே காலத்தில்தான் நாம் இருந்த மண்ணைக் கல்போட்டு மூடுகிறோம். இதைப் படித்துவிட்டு ஓர் உயர்மட்டக் குழு பாரீசுக்குக் கற்றல் பயணம் கிளம்பும் ஆபத்து இருக்கிறது. வேண்டாம் ஐயா. சத்துணவுக்கூடம் வரை நடந்து போனால் போதும்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் எஸ்டிமேட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். நிற்கும் மரத்தை வெட்டக்கூடாது, அதன் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே இருக்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும் இடத்திலும் விளையாடும் ஓரத்திலும் வேம்பு, புங்கன், பூவரசு நட வேண்டும், இடத்தைப் பிள்ளைகளும் சமைக்கும் அக்காவும் காட்டுவார்கள். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார், அதற்கான கூலி எங்கிருந்து வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பேர் நீங்கள்.