இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடுவார்கள்

1993-இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை: கடிக்காதே, கண்ணைக் குத்தாதே. இறுதிச் சுற்றில் ஜெரார்ட் கோர்டோ, ராய்ஸ் கிரேசியின் காதைக் கடித்தார். கிரேசி கழுத்தை நெரித்து வென்றார்.

இப்போது தலையால் முட்டக்கூடாது, முடியைப் பிடிக்கக்கூடாது, தொடையிடுக்கில் உதைக்கக்கூடாது. அதாவது, ஆபத்தில் சட்டென்று கைகொடுப்பவை எல்லாம் தடை! தற்காப்புக்கென்று இந்தக் கலையைக் கற்கச் சேர்ந்தவர் பல்காப்பை மாட்டிக்கொண்டு மெத்தையில் உருளுகிறார். மூச்சு முட்டினால் எதிராளியின் தோளில் இரண்டு தட்டு, பிடி தளர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டைச் சங்கிலி பறிப்பவனிடமும் யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்தால் தேவலை.

திமிறுகிற ஆளோடு கட்டிப்புரண்டு பழகியவருக்கு அவ்வளவு எளிதில் கைகால் வெலவெலக்காது என்பது நிஜம்தான். ஆனால் கத்தியைக் கண்டால் ஓடு என்கிறார்கள் நல்ல பயிற்சியாளர்கள். அதுவும் மாதக் கட்டணத்தில் அடக்கம்.