ஏழை முதலாளி

இங்கிலாந்தில் சிவில் வழக்குக்கு அரசின் சட்ட உதவி வேண்டுமா? பொதுவாக, மாத மொத்த வருமானம் 2,657 பவுண்டைத் தாண்டக் கூடாது. கழிவுகள் போக மிஞ்சுவது 733-க்குள், சொத்து 8,000-க்குள் இருக்க வேண்டும். சம்பளக்காரர் சம்பளச் சீட்டை நீட்டிவிடுவார். முதலாளி வந்தால்தான் வேடிக்கை. வங்கிக் கடனுக்குப் போனபோது கொழுத்திருந்த வியாபாரம், வரி அதிகாரி முன் இளைத்து, சட்ட உதவி மேசைக்கு வருகையில் எலும்பும் தோலுமாய் நிற்கிறது. வேன் கம்பெனியுடையது, அதில் மாமியார் வீட்டுக்குப் போவது மட்டும் இவர். ‘சம்பளம் சொற்பம்’ என்கிறார். டிவிடெண்டைக் கேட்டால் இருமல் வந்துவிடுகிறது. நிஜமாகவே நொடித்துப்போனவர் பாடுதான் திண்டாட்டம்: தான் ஏழை என்று காட்டும் கணக்கை எழுத, ஆடிட்டருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும்!