கசியும் மீன்தொட்டி: பக்கெட் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

வீட்டு மீன்தொட்டி கசிந்தால் ஒட்டுவதா, புதிது வாங்குவதா என்னும் வினாவுக்குத் தமிழ் ஆய்வுலகம் உரிய இடம் தரவில்லை. இத்துறையின் வரலாறோ நீண்டது. 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் தங்கமீன், வாலிஸ்நேரியாச் செடி, நத்தை ஆகியவற்றை ஒரே நீரில் வாழவைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதை லண்டன் வேதியியல் கழகத்துக்கு எடுத்துரைத்தார். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலை மீன்களுக்கெனத் தனி மாளிகை திறந்தது. 1909இல் சென்னை மெரினாவிலும் ஒரு மீன் காட்சியகம் எழுந்தது. மீனைப் பார்த்தவர்களை எழுதிவைத்த ஆசிரியர்கள், தொட்டிக்கு அடியில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தவர்களை விட்டுவிட்டனர். அக்குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

சென்னை நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கும், இரண்டடி முதல் நான்கடி வரையிலான நன்னீர்த் தொட்டிகளே இங்குக் கொள்ளப்படுகின்றன. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் விலக்கப்பட்டது. அது கசிவதில்லை, உடைகிறது. உடைந்ததைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கசிவு உண்டா என்னும் ஐயம்

முதல் சிக்கல் மெய்ப்பொருளியல் சார்ந்தது. தண்ணீர் குறைவதைக் கண்ட குடும்பத்தலைவர், "வெயில் காலம், ஆவியாப் போகுது" என்கிறார். எதிர்க்கட்சி, "ஏங்க, ஆவி எதுக்குங்க சோபாவுக்கு அடியில போகுது?" என்று தடை எழுப்புகிறது. இத்தடைக்கு இன்றுவரை விடை சொல்லப்படவில்லை.

ஆயினும் முடிவுக்கு விரையலாகாது. ஏர் பம்பால் தெறிக்கும் துளிகளும், பில்டர் குழாய் வழியே வழியும் நீரும் கசிவென மயங்க வைக்கும். தொட்டியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி, ஒருநாள் காத்திருப்பதே முறை. நீர் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. இறங்குவது நிற்கவே இல்லை என்றால் ஓட்டை அடியில் இருக்கிறது. மீனை இப்போதே பிடிக்க வேண்டும்.

இரு பள்ளிகள்

கசிவு உறுதிப்பட்டதும் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். ஒட்டுவாதிகள், "ஒரு டியூப் சிலிக்கான் போதும்" என்பர். மாற்றுவாதிகள், "ஒருதடவை கசிஞ்சது மறுபடி கசியும்" என்பர். இரு சாராருக்கும் பொதுவான குணம், பிறர் வீட்டுத் தொட்டியைப் பற்றிப் பேசும்போது ஐயமே இல்லாதிருத்தல்.

சேதத்தின் வகையைப் பார்த்தால் சண்டை பாதி அடங்கும். கண்ணாடிகள் சேரும் மூலையில் கசிந்தால் ஒட்டலாம். மேல்விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால், விரிசல் ஓடாதவரை அப்படியே விடலாம். அடிக்கண்ணாடியில் விரிசல் கண்டால் மாற்றுவாதியே வென்றார். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி நாலரைக் கன அடி. ஏறத்தாழ 127 லிட்டர். அதாவது 127 கிலோ தண்ணீர், கூழாங்கல் தனி. அதை விரிசலின் நன்னம்பிக்கையில் நிறுத்துவது கீழ்வீட்டுக்காரர் ஒப்புதலின்றிச் செய்யத்தக்கதன்று. கண்ணாடியை அழுத்துவது நீரின் ஆழமே, தொட்டியின் நீளமன்று. ஆகவே, "சின்னத் தொட்டிதானே" என்று உயரமான தொட்டியை இலேசாக எடைபோடக் கூடாது.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாண்டின் மேடுபள்ளம். அடியில் தெர்மகோல் போடுவது அதற்காகத்தான். ஸ்டாண்டைச் சரிசெய்யாமல் தொட்டியை மட்டும் மாற்றினால், புதுத் தொட்டியும் பழைய ஆய்வைத் தொடரும்.

சிலிக்கான் இயல்

ஒட்டுவாதியின் வேதம் சிலிக்கான். இதற்கு முந்தைய தொட்டிகள் இரும்புச் சட்டத்திலும் புட்டிப் (putty) பூச்சிலும் நின்றன. 1960களில்தான் சிலிக்கான் வந்து கண்ணாடியைச் சட்டத்திலிருந்து விடுவித்தது. காயும்போது வினிகர் வாடை வீசும். அந்த வாடை தீராமல் மீனை விடலாகாது. பாத்ரூமுக்கென விற்கும் பூஞ்சை பிடிக்காத வகை ஆகவே ஆகாது. பூஞ்சைக்கு வைத்த மருந்து மீனையும் முடித்துவிடும். பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதே முதன்மையான விதி. எனவே கசியும் இடத்தில் விரலால் ஒரு தீற்றுத் தீற்றுவது ஒட்டுதல் அன்று, ஆறுதல். முறைப்படி செய்பவர் உட்புறப் பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாக இழுத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு ஒருநாள் வெறும் தண்ணீர் நிரப்பிப் பார்க்கிறார்.

பக்கெட் கோட்பாடு

இவ்வாய்வின் பங்களிப்பு இங்கே தொடங்குகிறது. அந்த நாலு நாளும் மீன் எங்கே இருக்கும்?

பக்கெட்டில் இருக்கும். பழைய தொட்டித் தண்ணீர், ஏர் ஸ்டோன், துள்ளி விழாதபடி மேலே ஒரு மூடி, கூடவே பில்டர் ஸ்பான்ஜ். ஸ்பான்ஜில் குடியிருக்கும் பாக்டீரியாதான் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசிவிட்டால், அந்தக் குடியிருப்பை மறுபடி உருவாக்கப் பல வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி வாங்கினாலும் பழைய ஸ்பான்ஜ் வேண்டும் என்பதை இரு பள்ளியினரும் மறக்கின்றனர்.

பக்கெட்டோ குளிப்பதற்கு வாங்கியது. ஆகவே ஒட்டுவதா, மாற்றுவதா என்பதைத் தீர்மானிப்பது கண்ணாடியோ, காசோ, கொள்கையோ அல்ல. வீட்டிலுள்ள பக்கெட்டுகளின் எண்ணிக்கையே. இதனை மூன்று விதிகளாகத் தொகுக்கலாம்.

விதி ஒன்று: ஒரே பக்கெட் உள்ள வீடு அன்று மாலையே புதுத் தொட்டி வாங்கும். காலையில் அலுவலகம் செல்பவர் மோலி மீன்களுடன் பேச்சுவார்த்தை நடத்த இயலாது.

விதி இரண்டு: இரண்டு பக்கெட் உள்ள வீடு ஒட்டும். பொறுமை என்னும் பண்பு இரண்டாம் பக்கெட்டிலிருந்தே பிறக்கிறது.

விதி மூன்று: மூன்றும் அதற்கு மேலும் உள்ள வீட்டில் இரண்டும் நடக்கும். அவகாசம் கிடைத்தவர் சிலிக்கான் மட்டும் வாங்கக் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குச் செல்கிறார். நான்கடித் தொட்டியுடன் திரும்புகிறார். பழையதையும் ஒட்டிவிடுகிறார். கப்பியும் மோலியும் தாம் போட்ட குஞ்சைத் தாமே தின்னும் என்பதால் குஞ்சுகளுக்குத் தனித்தொட்டி அவசியம் என்று வீட்டில் விளக்கப்படுகிறது. விளக்கம் உண்மையானது, ஒத்திகை பார்த்ததும் உண்மை.

தடையும் விடையும்

சிறு தொட்டிக்குச் சுரண்டும் கூலியே புதுத்தொட்டி விலையை நெருங்கும். ஆகவே விலையே தீர்மானிக்கிறது என்று ஒருசாரார் மறுக்கலாம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தலையில் எண்ணெயோடு, மீன் நீந்தும் ஒரே பக்கெட்டின் முன் நின்று அதே மறுப்பைக் கூறட்டும்.

மேலாய்வுக் களங்களும் பரிந்துரையும்

அண்டாவும் டிரம்மும் பக்கெட்டாகக் கொள்ளத்தக்கனவா? விருந்தினர் வருகை விதி இரண்டை எவ்வாறு பாதிக்கிறது? இவை தனித்தனி ஆய்வுக்குரியவை. இப்போதைக்கு ஒரு பரிந்துரை: தொட்டி வாங்கும்போதே மூடிபோட்ட பக்கெட் ஒன்றையும் வாங்கி, ஒரே பில்லில் போடச் சொல்வது நலம். தனியாகப் போட்டால் வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.